பழைய அமெரிக்க ராணுவ ரைஃபிள்களைச் சேகரிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் எந்தத் துப்பாக்கிக் கண்காட்சிக்குப் போனாலும், ஏதாவது ஒரு மேசைக்குப் பின்னால் ஒருவர் "இது நார்மண்டி கடற்கரையில் இறங்கிய துப்பாக்கி" என்று சொல்லிக்கொண்டிருப்பார். வேண்டுமென்றே புளுகுகிறார் என்று சொல்ல முடியாது. அவருக்கு விற்றவர் அப்படிச் சொல்லியிருப்பார். ஆனால் இரண்டாம் உலகப் போரில் இன்ன எண்ணுள்ள ரைஃபிள் இன்ன சிப்பாயின் கையில் இருந்தது என்று காட்டும் ஆவணம் அநேகமாக எந்தத் துப்பாக்கிக்கும் கிடைக்காது. இரும்பில் பொறித்த எண்ணும் மரத்தில் குத்திய முத்திரையும்தான் நம் கையில் உள்ள சாட்சி. அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் இந்தப் பொழுதுபோக்கு தனி சுகம். தெரியாமல் இறங்கினால் பணம் கரைவதே தெரியாது.

இது அமெரிக்காவில் வசிப்பவர்களுக்காக எழுதியது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்கு 2019இல் வந்த திருத்தத்தின்படி, உரிமம் இருந்தாலும் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அங்கே சேகரிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதல் படி: சட்டத்தில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

நம் ஆட்கள் பலர் தவறவிடும் இடம் இது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்குவதற்கு முன் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். கிரீன் கார்டு இருந்தால் அந்தத் தடை இல்லை.

அப்புறம் மாநிலச் சட்டம். டெக்சாஸில் சாதாரணமாக வாங்கக்கூடியது நியூ ஜெர்சியில் குற்றமாகலாம். எம்1 கார்பைன் (கார்பைன் என்றால் குட்டையான, லேசான ரைஃபிள்) நியூ ஜெர்சியின் தடைப் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கிறது. எடிசனில் வீடு வைத்துக்கொண்டு பென்சில்வேனியா கண்காட்சியில் ஆசைப்பட்டு கார்பைன் வாங்கிவரக் கூடாது.

1898 வரை தயாரான துப்பாக்கிகள் ஃபெடரல் சட்டத்தின் பார்வையில் 'பழம்பொருள்'. அவற்றுக்கு வழக்கமான விற்பனை விதிகள் பொருந்தாது. மாநில விதிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். 50 வயது தாண்டிய, முதலில் இருந்த நிலையிலேயே உள்ள துப்பாக்கிகளுக்கு 'சி அண்ட் ஆர்' எனப்படும் சேகரிப்பாளர் உரிமம் இருக்கிறது. துப்பாக்கி விவகாரங்களைக் கவனிக்கும் ஃபெடரல் துறையான ஏ.டி.எஃப். வழங்குவது, மூன்று ஆண்டுக்கு 30 டாலர், வயது 21 ஆகியிருக்க வேண்டும். விண்ணப்பத்தின் ஒரு பிரதி உங்கள் ஊர் காவல்துறைத் தலைவருக்கும் போக வேண்டும். இந்த உரிமம் இருந்தால், மாநிலம் அனுமதிக்கும் இடங்களில், வேறு மாநிலத்திலிருந்து வாங்கும் பழைய ரைஃபிள் நேராக வீட்டுக்கே வரும். பதிலுக்கு ஒவ்வொரு வரவையும் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். இதை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்யக் கூடாது. இது சேகரிப்புக்கு மட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. எம்1 கார்பைனுக்கு எம்2 என்று ஒரு தம்பி உண்டு, அது தானியங்கி. ரிசீவரில் (போல்ட் ஓடும் நடு இரும்புப் பகுதியில்) எம்2 என்று பொறித்திருந்தால் சட்டப்படி அது இயந்திரத் துப்பாக்கி. பதிவுச் சான்று இல்லாமல் யார் தாத்தாவின் பரணிலிருந்து வந்தாலும் தொடாதீர்கள்.

இரண்டாம் படி: ஒரு காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் அது சேகரிப்பு ஆகாது, குவியல்தான் ஆகும். எந்தக் காலம் உங்களை இழுக்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

உள்நாட்டுப் போர் என்றால் 1861 மாடல் ஸ்ப்ரிங்ஃபீல்டு. .58 அங்குலக் குழல், வாய் வழியாக மருந்து திணிக்கும் வகை. போருக்குப் பிறகு மீந்துபோன இந்தக் குழல்களை வீணாக்க மனமில்லாமல், பின்புறம் வெட்டி ஒரு மூடி வைத்துத் தோட்டா போடும்படி மாற்றினார் எர்ஸ்கின் ஆலின். அந்த வழியில் வந்ததுதான் 1873 மாடல் 'ட்ராப்டோர்'. 1876இல் லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் பூர்வகுடிகளிடம் தோற்ற கஸ்டரின் குதிரைப்படை வைத்திருந்தது இதன் கார்பைன் வடிவம். அதனாலேயே ஆரம்ப எண்ணுள்ள ட்ராப்டோர் கார்பைன்களில் போலி ஏராளம்.

1898இல் கியூபாவில் நடந்த சண்டையில் அமெரிக்க நிரந்தரப் படையிடம் நார்வேக்காரர்கள் வடிவமைத்த க்ராக் இருந்தது. தொண்டர் படைகள் பலவற்றிடம் இன்னும் ட்ராப்டோர்தான். கருமருந்தின் வெண்புகை கிளம்பி, சுட்டவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்பதைக் காட்டிக்கொடுத்தது. எதிரே ஸ்பெயின் படையின் கையில் மவுசர். அதில் அடிபட்ட பாடம்தான் எம்1903 ஸ்ப்ரிங்ஃபீல்டு. மவுசரின் யோசனைகளை எடுத்துக்கொண்டதற்காக அமெரிக்க அரசு அந்த ஜெர்மன் கம்பெனிக்குக் காப்புரிமைத் தொகையும் கட்டியது. க்ராக்கின் பக்கவாட்டு மேகசின் கதவைத் திறந்து மூடும் வழவழப்புக்காகவே அதை வாங்குபவர்கள் உண்டு. எனக்கும் அதில் ஒரு பலவீனம்.

முதல் உலகப் போரில் 1903 போதவில்லை. ஏற்கனவே பிரிட்டனுக்காக ரைஃபிள் செய்துகொண்டிருந்த வின்செஸ்டர், ரெமிங்டன், எடிஸ்டோன் தொழிற்சாலைகள் அதே வடிவத்தை அமெரிக்க ராணுவத்தின் .30-06 தோட்டாவுக்கு மாற்றி எம்1917 ஆக்கின. இருபது லட்சத்துக்கும் மேல் தயாராயின. பிரான்ஸுக்குப் போன அமெரிக்கர்களில் பெரும்பாலோர் ஏந்தியது 1903ஐ அல்ல, இதைத்தான். இருந்தும் புகழெல்லாம் 1903க்கே போனதால் எம்1917 விலையில் கொஞ்சம் தாழ்ந்தே இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு அது நல்ல செய்தி.

பிறகு 1936இல் ஏற்கப்பட்ட எம்1 கேரண்ட். கனடாவின் க்யூபெக்கில் பிறந்த ஜான் கேரண்ட் வடிவமைத்தது. எட்டுத் தோட்டாக்களை ஒரே கிளிப்பாக உள்ளே தள்ளினால் போதும்; ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும். மொத்தம் சுமார் 54 லட்சம். உலகப் போர்க் காலத்தில் ஸ்ப்ரிங்ஃபீல்டும் வின்செஸ்டரும், கொரியப் போரை ஒட்டி ஸ்ப்ரிங்ஃபீல்டோடு இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சனும் செய்தன. ஹார்வெஸ்டர் என்றால் அதே டிராக்டர் கம்பெனிதான்.

எம்1 கார்பைனின் கதை இன்னும் வேடிக்கை. அறுபது லட்சத்துக்கு மேல், பத்து முதன்மை ஒப்பந்தக்காரர்கள். தட்டச்சுப்பொறி செய்த அண்டர்வுட், கணக்குப்பொறி செய்த ஐபிஎம், பாட்டுப் பெட்டி செய்த ராக்-ஓலா எல்லாம் அதில் அடக்கம். பத்துக் கம்பெனிக்கும் ஒவ்வொன்று என்று சேர்ப்பது பலருடைய ஆயுள் திட்டம். ஜெனரல் மோட்டார்ஸின் இன்லாண்ட் பிரிவு செய்தது எளிதில் கிடைக்கும். இர்வின்-பெடர்சன் பெயருள்ளதுதான் பர்ஸைக் காலி செய்யும்.

1957இல் வந்த எம்14இலிருந்து ராணுவ ரைஃபிள்கள் தானியங்கியாகிவிட்டன. அதனால் சாதாரணச் சேகரிப்பாளரின் பாதை கேரண்டோடு முடிகிறது.

மூன்றாம் படி: வாங்கும் முன் கண்ணைப் பழக்குங்கள்

மாசசூசெட்ஸில் ஸ்ப்ரிங்ஃபீல்டு ஆயுதச்சாலை 1794 முதல் 1968 வரை இயங்கியது. இப்போது தேசியப் பூங்காத் துறையின் அருங்காட்சியகம். பாஸ்டன், கனெக்டிகட் பக்கம் இருப்பவர்கள் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அசல் பூச்சு எந்த நிறத்தில் இருக்கும், சிப்பாயின் கைபட்டுத் தேய்ந்த மரம் எப்படி இருக்கும் என்பதைப் படத்தில் பார்த்துப் பழக முடியாது.

பெயர்க் குழப்பம் ஒன்று. இல்லினாயில் 1974இல் தொடங்கிய தனியார் கம்பெனி ஒன்றும் ஸ்ப்ரிங்ஃபீல்டு ஆர்மரி என்ற பெயரையே வைத்துக்கொண்டிருக்கிறது. அவர்கள் செய்யும் எம்1ஏ நல்ல ரைஃபிள்தான், ஆனால் ராணுவ ரைஃபிள் அல்ல. விளம்பரத்தில் 'ஸ்ப்ரிங்ஃபீல்டு' என்று பார்த்தவுடன் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: எங்கே வாங்குவது

அமெரிக்கக் குடியுரிமை இருந்தால் முதலில் போக வேண்டிய இடம் சி.எம்.பி. என்று எல்லோரும் அழைக்கும் குடிமக்கள் குறிசுடுதல் திட்டம். 1903இல் அரசுத் திட்டமாகத் தொடங்கி, 1996இல் சட்டப்படி தனி நிறுவனமானது. ராணுவம் திருப்பித் தந்த கேரண்டுகளை இவர்கள் தரம் பிரித்து விற்கிறார்கள். பிலிப்பைன்ஸுக்கும் துருக்கிக்கும் உதவியாகப் போய்த் திரும்பியவையும் அதில் உண்டு. இணைக்கப்பட்ட கிளப் ஒன்றில் உறுப்பினராக இருக்க வேண்டும், துப்பாக்கிப் பயிற்சிக்கான சான்று காட்ட வேண்டும். அலபாமாவின் ஆனிஸ்டனிலும் ஒஹாயோவின் கேம்ப் பெர்ரியிலும் உள்ள கடைகளுக்கு நேரில் போனால் அடுக்கிலிருந்து நாமே எடுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். தபாலில் வாங்கினால் அவர்கள் எடுத்துக் கொடுப்பதுதான் கிடைக்கும். முடிந்தவர்கள் காரை எடுங்கள்.

ஏலங்களில் அரிய பொருள்கள் வரும். ஆனால் அடித்த விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் என்று கணிசமான சதவிகிதம் ஏறும். அதைக் கழித்துக்கொண்டுதான் உங்கள் உச்ச வரம்பை வைக்க வேண்டும். கண்காட்சிகளில் காலையில் விலை கேட்டு, மூட்டை கட்டும் நேரத்தில் மறுபடி பேரம் பேசுவது நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெளிநாட்டிலிருந்து வணிகர்கள் இறக்குமதி செய்த துப்பாக்கிகளில் இறக்குமதியாளரின் பெயர் பொறித்திருக்கும். பெரும்பாலும் குழல் வாய்க்கு அருகில். சுடுவதற்கு அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. விலை மட்டும் குறையும், குறைய வேண்டும்.

ஐந்தாம் படி: கையில் எடுத்துப் படியுங்கள்

முதலில் அனுமதி கேட்டு, காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். கேரண்டை எப்படிப் பார்ப்பது என்று விரிவாகச் சொல்கிறேன். மற்றவற்றுக்கும் முறை அதுதான்.

ரிசீவரின் பின்பகுதியில் தயாரிப்பாளர் பெயரும் வரிசை எண்ணும் இருக்கும். அந்த எண் எந்த மாதத்தைச் சேர்ந்தது என்று சொல்லும் அட்டவணைகள் எளிதில் கிடைக்கும். அடுத்து வலப்பக்கத்து ஆப்பரேட்டிங் ராடை (போல்ட்டை இயக்கும் தண்டை) பின்னால் இழுத்து நிறுத்துங்கள். பேரலின், அதாவது குழலின், வலப்பக்கம் தெரியும். ஸ்ப்ரிங்ஃபீல்டு என்றால் எஸ்.ஏ. என்ற எழுத்தோடு மாதமும் ஆண்டும் இருக்கும், உதாரணமாக 12 43. ரிசீவரின் மாதமும் பேரலின் மாதமும் அடுத்தடுத்து இருந்தால் அது பிறவியிலேயே சேர்ந்த ஜோடியாக இருக்க வாய்ப்புண்டு. 1943 ரிசீவரில் 1952 பேரல் இருந்தால், ராணுவப் பட்டறையில் பேரல் மாற்றியிருக்கிறார்கள். அது குறை அல்ல, அந்தத் துப்பாக்கியின் வரலாறு.

விற்பவர் சம்மதித்தால் பிரித்துப் பாருங்கள். ட்ரிக்கர் கார்டைப் பின்னுக்கு இழுத்துத் திறந்தால் ட்ரிக்கர் பகுதி அப்படியே வெளியே வரும். மரக் கட்டை தனியாகக் கழன்றுவிடும். திருப்புளிகூட வேண்டாம். போல்ட், ஹேமர் என்று பெரும்பாலான பாகங்களில் வரைபட எண் பொறித்திருக்கும். ரிசீவரின் பக்கச் சுவர்களை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். குறுக்கே நிறம் மாறிய பட்டையோ, ராவிய தடமோ தெரிந்தால் உடனே கீழே வைத்துவிடுங்கள். ராணுவம் இரண்டாக வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்ட ரிசீவர்களைச் சிலர் ஒட்டவைத்து விற்றிருக்கிறார்கள்.

மரத்தில் கண்ணை இன்னும் கிட்டே கொண்டு போங்கள். கட்டையின் இடப்பக்கத்தில் பெட்டிக்குள் ஆய்வாளரின் முதலெழுத்துகளும் பக்கத்தில் குறுக்காக வைத்த இரட்டைப் பீரங்கிச் சின்னமும் இருக்கும். ஜி.எச்.எஸ். என்றால் போரின் தொடக்கம், என்.எஃப்.ஆர். என்றால் முடிவை ஒட்டிய காலம். இந்த முத்திரைதான் விலையைக் கூட்டுகிறது. அதனால் போலி முத்திரைக் கட்டையும் உண்டு. கண்டுபிடிக்க ஒரு வழி: முத்திரையின் மீது ஓடும் பழைய கீறல்களைப் பாருங்கள். அசல் என்றால் கீறல் எழுத்தை வெட்டிக்கொண்டு போகும், ஏனென்றால் முத்திரை முதலில், கீறல் பிறகு. கீறலின் பள்ளத்துக்குள்ளும் எழுத்து தெளிவாக இறங்கியிருந்தால், முத்திரை நேற்று குத்தியது. இரும்பும் மரமும் சேரும் விளிம்பையும் தடவிப் பாருங்கள். இரும்பைவிட மரம் தாழ்ந்திருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

எம்1903 என்றால் முதலில் எண். ஸ்ப்ரிங்ஃபீல்டில் 8,00,000க்குக் கீழும், ராக் ஐலண்டு ஆயுதச்சாலையில் 2,85,507க்குக் கீழும் உள்ளவை 'லோ நம்பர்'. சேர்க்கலாம், சுடக் கூடாது. பட்டறையில் இரும்பு எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று தொழிலாளர்கள் நிறத்தைப் பார்த்தே கணித்துவந்தார்கள். வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளில் அதே நிறம் மங்கலாகத் தெரியும். போதாது என்று நினைத்து இன்னும் சூடேற்றிவிடுவார்கள். அப்படிக் கருகிய எஃகு கண்ணாடி போல நொறுங்கும். 1917இல் சில வெடித்த பிறகுதான் விசாரணை நடந்து, 1918இல் முறை மாறியது. எந்த ரிசீவர் கருகியது, எது நல்லது என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. 1903இன் பேரல் தேதி, குறி பார்க்க உதவும் முன் சைட்டுக்குப் பின்னால், எரியும் குண்டுச் சின்னத்தோடு இருக்கும். ரெமிங்டனும் ஸ்மித்-கொரோனாவும் 1942 முதல் செய்த எம்1903ஏ3 சுடுவதற்கு நம்பகமானது.

எம்1917இல் எடிஸ்டோன் என்றால் பேரல் மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். அங்கே பேரல்களை மிக இறுக்கமாக முறுக்கியிருந்தார்கள். பின்னாளில் கழற்றும்போது ரிசீவரில் மயிரிழை விரிசல் விழுந்தது உண்டு. பேரலில் ஜே.ஏ. அல்லது எச்.எஸ். என்றிருந்தால் இரண்டாம் உலகப் போரில் மாற்றியது. அப்படிப்பட்டதைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டாமல் சுட வேண்டாம்.

ஆறாம் படி: 'எல்லாம் சரியான' துப்பாக்கியைச் சந்தேகியுங்கள்

போர் முடிந்ததும் ராணுவம் லட்சக்கணக்கான ரைஃபிள்களைப் பட்டறைக்கு வரவழைத்துப் பிரித்து, பாகங்களைத் தொட்டியில் கொட்டிச் சுத்தம் செய்து, கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டி அனுப்பியது. யாரும் போல்ட்டையும் ரிசீவரையும் ஜோடி பார்த்துச் சேர்க்கவில்லை. கேரண்டின் பழைய லாக் பார் சைட்டுகளை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார்கள். ஆப்பரேட்டிங் ராடில் விரிசல் விழாமலிருக்க வளைவில் ஒரு வெட்டுக் கொடுத்தார்கள். கட்டையில் ஆர்.ஆர்.ஏ.டி. என்று இருந்தால் டெக்சாஸின் ரெட் ரிவர் கிடங்கில் பழுது பார்த்தது.

கார்பைனும் அப்படியே. 1943இல் செய்தவை வெளிவந்தபோது மடக்கும் சைட், பொத்தான் சேஃப்டி. பயோனெட் மாட்டும் பிடி கிடையாது. இன்று 1943 கார்பைன் ஒன்றில் அந்தப் பிடியும் நகர்த்தும் சைட்டும் இருந்தால் அது பட்டறைக்குப் போய்வந்த யோக்கியமான துப்பாக்கி. ஒரு பாகம்கூட மாறாமல் ஆரம்பக் காலப் பொருளாகவே இருந்தால் இரண்டில் ஒன்று: அபூர்வமாகத் தப்பியது, அல்லது யாரோ பாகம் பாகமாகத் தேடி வாங்கிப் பூட்டியது. இரண்டாவது வகையே அதிகம். அப்படிப் பூட்டியதில் தவறில்லை, பூட்டியதாகச் சொல்லி விற்றால். 'அசல்' என்று சொல்லி இரட்டை விலை கேட்பதுதான் மோசடி. மொத்தப் பாகமும் ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா, பூச்சின் நிறம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அசலில் தேய்மானம் கை படும் இடத்திலெல்லாம் தொடர்ச்சியாக ஓடும்.

மடக்குக் கட்டை வைத்த பாராட்ரூப்பர் எம்1ஏ1 கார்பைன், தொலைநோக்கி வைத்த எம்1903ஏ4 இரண்டையும் முதல் ஐந்து ஆண்டுக்கு மறந்துவிடுங்கள். எம்1ஏ1ஐச் செய்தது இன்லாண்ட் மட்டுமே. போலிக் கட்டைகளோ எல்லாக் கம்பெனித் துப்பாக்கியிலும் பூட்டிக் கிடக்கின்றன. ஏ4இல் தொலைநோக்கிப் பிடி மறைக்காதபடி பெயரும் எண்ணும் இரு பக்கமும் தள்ளிப் பொறித்திருக்கும். வழக்கமான இடத்தில் இருந்தால் அது வெறும் ஏ3.

வேட்டைக்காக வெட்டிய 1903களும் 1917களும் மலிவாகக் கிடைக்கும். 1960களில் அரசு இவற்றை அடிமாட்டு விலைக்கு விற்றது. 1963இல் கார்பைன் ஒன்று 20 டாலர்தான். அதனால் முன்பக்க மரத்தை அறுப்பது யாருக்கும் பாவமாகத் தெரியவில்லை. மரம் மட்டும் போயிருந்தால் மீட்கலாம். ரிசீவரில் புதிதாகத் துளை போட்டிருந்தாலோ, பேரலை வெட்டியிருந்தாலோ விட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: சுடுவதற்கு முன்

அறையில் தோட்டா சரியாகப் பொருந்துகிறதா என்று அளக்கும் ஹெட்ஸ்பேஸ் கேஜ் வைத்துச் சோதித்துவிடுங்கள், செலவு குறைவு. கேரண்டுக்குத் தொண்டைத் தேய்மானம் (குண்டு குழலுக்குள் நுழையும் இடத்தின் தேய்மானம்) அளக்கும் கேஜ் உண்டு. ஒன்று, இரண்டு என்றால் புதிது போல. ஐந்தைத் தாண்டினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். இன்றைய கடைகளில் விற்கும் பலமான .30-06 வேட்டைத் தோட்டாக்களைக் கேரண்டில் போட்டால் ஆப்பரேட்டிங் ராட் வளையும். கேரண்டுக்கென்றே தயாரித்த தோட்டா கிடைக்கிறது, அதை வாங்குங்கள். ட்ராப்டோருக்குக் கருமருந்து அளவிலான மிதமான தோட்டா மட்டும்.

போர்க்கால .30-06 தோட்டாக்களின் ப்ரைமர் (அடியில் தீப்பொறி தரும் பகுதி) குழலில் உப்பு விடும். சுட்ட அன்றே தண்ணீர் கலந்த திரவத்தால் குழலைக் கழுவி, துடைத்து, எண்ணெய் விடவில்லையென்றால் சில நாளில் துரு. அமெரிக்கக் கார்பைன் தோட்டாக்களில் இந்தத் தொல்லை இல்லை.

கேரண்டில் போல்ட்டை மூடும்போது கட்டைவிரல் நசுங்குவது பிரசித்தம். வலது உள்ளங்கையின் ஓரத்தால் ராடைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் கீழ்த் தகட்டை அழுத்திவிட்டு விரலை எடுங்கள். அவசரப்படாதீர்கள்.

எட்டாம் படி: வீட்டில்

புதிதாக வாங்கியதைப் பளபளவென்று ஆக்கிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். உப்புத்தாள், வார்னிஷ், பாலிஷ் எதுவும் வேண்டாம். ஒட்டியிருக்கும் காஸ்மோலின் கிரீஸை மண்ணெண்ணெய் வகைக் கரைப்பானால் துடையுங்கள். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் மெல்லிய பூச்சாக. இரும்பைத் தொட்டபின் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, ஏனென்றால் வியர்வை ஒரே வாரத்தில் விரல் ரேகையைத் துருவாகப் பதித்துவிடும். பஞ்சு வைத்த பெட்டியில் நீண்ட நாள் பூட்டி வைக்காதீர்கள், ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். தோல் வாரைக் கழற்றித் தனியாக வையுங்கள். ஈரப்பதம் 50 சதவிகிதத்தை ஒட்டியே இருக்கட்டும். மிகவும் காய்ந்தால் மரம் வெடிக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இரும்புப் பெட்டகம் துப்பாக்கிக்கு முன்னால் வாங்க வேண்டிய பொருள். தோட்டாக்களை வேறு இடத்தில் பூட்டுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் வரிசை எண், பேரல் தேதி, முத்திரைகளின் படம், வாங்கிய விலை, ரசீது என்று ஒரு கோப்பு போடுங்கள். வீட்டுக் காப்பீட்டில் துப்பாக்கிக்குப் பெரும்பாலும் ஒரு சிறிய வரம்புதான் இருக்கும். அதைத் தாண்டினால் தனிப் பட்டியல் கொடுத்துக் கூடுதல் பாலிசி எடுக்க வேண்டும். கோப்பின் பிரதி ஒன்று துணைவரிடமும் இருக்கட்டும். எது எவ்வளவு பெறும், யாரிடம் கேட்டு விற்கலாம் என்று நாலு வரி சேர்த்து எழுதிவைத்தால், பின்னாளில் அவரிடம் வந்து 'பழைய இரும்புதானே' என்று யாரும் அடிமாட்டு விலை பேச முடியாது.